நாலு பக்கமும் பிரான்ஸ்

சுகிர்தத்துக்குச் சைக்கிள் ஓட்டுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு தட்டெழுத்து வகுப்புக்கும் சைக்கிளில்தான் போய்வந்தாள். பாரிஸுக்கு வந்து, ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் இடியப்பம் பிழியும் வேலை கிடைத்ததும், பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒரு நீலச் சைக்கிளை வாங்கி வந்துவிட்டாள். லா ஷப்பல் சந்தியில், தலைக்கு மேலே மெத்ரோ தடதடக்க, பஸ்களுக்கும் சாமான் வண்டிகளுக்கும் நடுவே, கணவனின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் போவதைக் கடை வாசல்களில் நின்ற ஆட்கள் பார்ப்பார்கள். அவள் யாரையும் பார்க்கமாட்டாள். பார்த்தால் வழி தவறிவிடும்.

வழிதான் அவளுக்குப் பிடிபடாத விஷயம். பாரிஸில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாதை, வீட்டிலிருந்து கடைக்கு. அதில் ஒரு தெருவை வேலை செய்யக் கிண்டிப்போட்டால் போதும், நின்றுவிடுவாள். கொழும்பிலிருந்து புறப்பட்டவள் எந்தெந்த நாட்டைத் தாண்டி வந்தாள் என்பதும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு விமானம், ஒரு ரயில், பிறகு ஜன்னல் இல்லாத வான் வண்டி. கதவைத் திறந்து, "இறங்குங்கோ, இது பிரான்ஸ்" என்றார்கள். இறங்கினாள். அகதி விண்ணப்பத்தில் எந்த எல்லை வழியாக வந்தீர்கள் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று அவளும் கணவன் குணரத்தினமும் ஒரு வாரம் யோசித்தார்கள்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் முற்றத்தில் இன்னொரு சைக்கிளும் நிற்கும். சன்னமான சக்கரம், வளைந்த கைப்பிடி, பின்சக்கரத்தில் அடுக்கடுக்காய்ப் பல்சக்கரங்கள். அது இரண்டாம் மாடி ஜிஸ்லேனுடையது. ஐம்பதைத் தாண்டிய புதுச்சேரிக்காரி, தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, தனியாக இருந்தாள். அவளுடைய தகப்பனார் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. ஒருநாள் சுகிர்தம் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மேலே இருந்து குரல் வந்தது.

"தோ பாரு, அத்தனை எண்ணெய் ஊத்தாத! அது இன்னா வெலோவா, வடைச்சட்டியா?"

வெலோ என்றால் சைக்கிள் என்று சுகிர்தத்துக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பழக்கம் அப்படித் தொடங்கியது. ஒருவர் பேசும் தமிழ் மற்றவருக்கு முக்கால்வாசி விளங்கும். விளங்காத கால்வாசியை இருவரும் விட்டுவிடுவார்கள்.

தபால் ஊழியர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு குழுவாகக் கோடைதோறும் மலைப் பக்கம் போவார்கள். அந்த வருஷம், எண்பத்தேழில், பிரேனே மலையில் ஸ்பெயின் எல்லையோரமாக ஒரு சமவெளி. ஜிஸ்லேனோடு ஒரே அறையில் தங்க வேண்டிய ஆலீஸ் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

"கட்டில் சும்மாதான் கெடக்குது. நீ வாயேன்" என்றாள் ஜிஸ்லேன். "கார் பஸ்ஸு ஒண்ணும் வராத ரோடு. காலையில பத்து மைல் போனா ஒரு டிராக்டர் வரும். அவ்ளோதான்."

சுகிர்தத்துக்கு ஆசை வந்தது. குணரத்தினத்துக்குக் கலக்கம் வந்தது.

"எல்லைக்குக் கிட்டவோ?" என்று கேட்டான். "உம்மட கடதாசியோட அங்கை போகலாமோ?"

கடதாசி என்று அவன் சொன்னது ரெசெப்பிசேயை. விண்ணப்பம் முடிவாகும்வரை பிரான்சில் இருக்கலாம் என்று கொடுக்கப்படும் படம் ஒட்டிய மடித்த தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குணரத்தினம் வாமதேவனின் கடைக்குப் போய் விசாரித்தான். வாமதேவன் மரக்கறியும் பாட்டுக் கசெட்டும் விற்பவர், இந்த விஷயங்களில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்.

"பாரிசை விட்டே போகேலாது" என்றார் வாமதேவன்.

"இல்லை அண்ணை, பிரான்ஸ் முழுக்கப் போகலாம். எல்லையைத் தாண்டினாத்தான் பிழை" என்றான் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவன்.

"தாண்டினா?"

"தாண்டினா கேஸ் முடிஞ்சுது. திரும்பி உள்ளை விடமாட்டாங்கள். நேரை கொழும்புதான்."

மூன்றாவது ஆள், எல்லையில் இருந்து இருபது கிலோமீட்டருக்குள் போனாலே பிடிப்பார்கள் என்றான். நாலாவது ஆள், மலையில் பொலிஸே கிடையாது என்றான். குணரத்தினம் போனபோது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பித் திரும்பினான். கடைசியில் ஜிஸ்லேனே மேலே வந்து, பிரான்ஸ் முழுக்க அந்தத் தாள் செல்லும் என்று அடித்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தான்.

"போய்ட்டு வாரும். ஆனா கடதாசியை உடம்பிலையிருந்து எடுக்காதையும். குளிக்கேக்கையும் கண்ணுக்கு முன்னாலை வைச்சிரும்."

சுகிர்தம் ஒரு துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ரயிலில் போய் இறங்கிய இடம் அவள் நினைத்த பிரான்ஸ் மாதிரியே இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது, காற்று மட்டும் குளிர்ந்தது. வெட்டிப்போட்ட புல்லின் மணம், கல்வீடுகள், மாட்டுமணிச் சத்தம். சமவெளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மலை. தெருக்கள் ஒரு வண்டி போகும் அகலந்தான், இருபுறமும் நெட்டை மரங்கள். ஜிஸ்லேன் சொன்னது பொய்யில்லை, அரைமணி நேரம் ஓட்டினாலும் எதிரே ஒரு ஆள் வருவது அபூர்வம்.

முதல் நாட்களில் அவளுக்குக் கியர்தான் வில்லங்கம் பண்ணியது. ஆலீஸின் சைக்கிளைக் கொடுத்திருந்தார்கள். சட்டத்தில் இரண்டு சின்னத் தண்டுகள். ஒன்றை இழுத்தால் ஏற்றம் லேசாகும், மற்றதை இழுத்தால் கனக்கும். எது எது என்று ஏற்றத்தில்தான் அவளுக்கு மறக்கும். பெடலை மிதித்தபடியே நின்று, அப்படியே சரிந்து புல்லில் விழுவாள். குழுவில் இருந்த தபால்காரர்கள் ஓடிவந்து தூக்குவார்கள்.

எல்லையைப் பற்றி அவள் வந்த அன்றே கேட்டு வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஸ்பெயின் எந்தப் பக்கம்?"

ஜிஸ்லேன் தெற்கே நின்ற மலைத்தொடரைக் காட்டினாள். "அதோ, அந்த மலைக்கு அந்தாண்ட."

சுகிர்தம் அந்த மலையை நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டாள். அதற்கு முதுகைக் காட்டி ஓட்டும்வரை பயமில்லை.

ஒருநாள் குழு உயரமான கணவாய் ஒன்றுக்குப் புறப்பட்டது. சுகிர்தத்துக்கு முழங்கால் வலி. "நீ இன்னிக்கு இந்தச் சின்ன ரோட்டுல மெதுவா போ. அடுத்த கிராமத்துல ரொட்டிக்கடை இருக்குது. வாங்கித் தின்னுட்டுத் திரும்பி வா" என்று சொல்லிவிட்டு ஜிஸ்லேன் மற்றவர்களோடு போனாள்.

சுகிர்தம் தெற்கு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட்டாள். கிராமம் வந்தது. ரொட்டிக்கடை பூட்டியிருந்தது. இறக்கமான பாதை, கால் வலிக்கவில்லை, அப்படியே தொடர்ந்து போனாள். வழியில் இலக்கம் வெட்டிய ஒரு கல் நட்டிருந்தது. கிலோமீட்டர் கல் என்று நினைத்துக் கடந்தாள். சற்று நேரத்தில் ஒரு சின்ன ஊர். மேட்டில் பெரிய மாதா கோவில், ஒடுங்கிய சந்துகள், ஒரு கட்டடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி. அந்த நிறக் கொடியை அவள் வாரம் முழுவதும் பிரெஞ்சுக் கிராமங்களிலும் பார்த்திருந்தாள், அந்தப் பகுதி மக்களின் கொடி என்று ஜிஸ்லேன் சொல்லியிருந்தாள். அதனால் எதுவும் தோன்றவில்லை.

ரொட்டிக்கடையில் பிராங்கை நீட்டினாள். கடைக்காரி தயங்காமல் வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். சுகிர்தம் கையைப் பார்த்தாள். யாரோ ஒரு ராசாவின் தலை. பிரான்சில் ராசா இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"மதாம், இது பிரான்ஸ்தானே?" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

கடைக்காரி சிரித்தாள். "இல்லை மதாம், இது ஸ்பெயின். லிவியா."

"அப்போ பிரான்ஸ்?"

கடைக்காரி முதலில் கதவைக் காட்டினாள். பிறகு அடுப்பு இருந்த பின்பக்கத்தைக் காட்டினாள். பிறகு இடது, பிறகு வலது. "அங்கே பிரான்ஸ். அங்கேயும் பிரான்ஸ். அங்கேயும். அங்கேயும்."

தன் பிரெஞ்சில் ஏதோ பிழை என்றுதான் சுகிர்தம் முதலில் நினைத்தாள். இன்னொருமுறை கேட்டாள். கடைக்காரி இன்னொருமுறை நாலு பக்கமும் கையைக் காட்டினாள். அப்படியானால் இது எப்படி ஸ்பெயின்? ஸ்பெயின் மலைக்கு அந்தப் பக்கமல்லவா இருக்கிறது? மலை ஏறவில்லையே, இறங்கித்தானே வந்தாள்? பொலிஸ் இல்லை, வாசல் இல்லை, ஒரு கயிறுகூடக் குறுக்கே கட்டியிருக்கவில்லை. வெண்டிக்காய் பொறுக்கியவன் சொன்னதாகக் குணரத்தினம் வந்து சொன்னது காதில் ஒலித்தது. தாண்டினா கேஸ் முடிஞ்சுது.

வெளியே வந்தாள். வந்த பாதை எது என்று மறந்துபோயிருந்தது. எல்லாச் சந்தும் ஒன்றுபோலக் கிடந்தன. சதுக்கத்தில், பச்சைச் சீருடையும் பளபளக்கும் கறுப்புத் தொப்பியுமாக இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சைக்கிளைத் திருப்பி, கோவிலுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனாள். அங்கே வாசலில் பயறு உரித்துக்கொண்டிருந்த ஒரு வயதானவரிடம் கேட்டாள்.

"முசியூ, பிரான்ஸ் எந்தப் பக்கம்?"

"எந்த பிரான்ஸ் வேணும்?" என்றார் அவர்.

தங்கியிருந்த ஊரின் பெயர் சயகூஸ். அவள் அதைச் சொன்ன விதத்தில் அவருக்கு விளங்கவில்லை. அவர் வேறேதோ ஊரா என்று கேட்டார், அது அவளுக்கு விளங்கவில்லை. அவர் கிழக்கே காட்டினார், உள்ளிருந்து வந்த மனைவி மேற்கே காட்டினாள், இருவரும் தங்களுக்குள் விவாதிக்கத் தொடங்கினார்கள். சுகிர்தம் நன்றி சொல்லிவிட்டு மதிலோரமாய்ப் போய் உட்கார்ந்தாள். சட்டைக்கு மேலாகத் துணிப்பையைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தாள் இங்கே செல்லாது. இங்கே அவள் யார்? இப்போது பிடித்தால் எந்த நாட்டுக்காரன் பிடிப்பான்? அழுகை வரவில்லை. தலைதான் சுற்றியது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு ஒரு பழகிய குரல் கேட்டது.

"அடியே! நீ இங்கயா இருக்கற?"

ஜிஸ்லேன்தான். கணவாயிலிருந்து இறங்கி, மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு வந்திருந்தாள். கூடையில் இரண்டு போத்தல் ஒலிவ் எண்ணெய்.

"அக்கா, இது ஸ்பெயினாம்!"

"ஆமா, ஸ்பெயின்தான். எண்ணெய் இங்க மலிவு."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"யாருக்குத்தான் தெரியாது? அந்தக் காலத்துல ராசாங்க நாட்டைப் பிரிச்சப்போ இந்த ஒரு ஊரை மட்டும் ஸ்பெயினுக்கு உட்டுட்டாங்களாம். வந்துட்டுப் போறவங்க வந்துட்டுப் போறாங்க."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் ஸ்பெயின் எந்தப் பக்கம் எண்டு கேட்டனானெல்லோ?"

"மெயின் ஸ்பெயின் அந்தாண்டதான. இது சும்மா ஒரு ஊரு. இதுக்கு இன்னாத்துக்கு இப்படி மூஞ்சிய வச்சிக்கினு இருக்கற?"

"உங்களுக்குக் கார்ட் இருக்கு அக்கா. நான் பிரான்சை விட்டு வெளிய வந்திட்டன். இனி என்னை உள்ளை விடுவாங்களோ தெரியாது."

ஜிஸ்லேன் போத்தல்களைப் பார்த்தாள், பிறகு சுகிர்தத்தின் கழுத்துப் பையைப் பார்த்தாள். "மோன் தியூ" என்று மெதுவாகச் சொன்னாள். "நான் அத யோசிக்கவே இல்லடி."

வந்த வழி சதுக்கத்தின் ஊடாகத்தான். அந்தத் தொப்பிக்காரர்களைத் தாண்டி வரமாட்டேன் என்று சுகிர்தம் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "சரி, இந்தாண்டயும் பிரான்ஸ்தான். சுத்திக்கினு போவலாம்" என்று ஜிஸ்லேன் மேற்கே கூட்டிப்போனாள். வைக்கோல் கட்டுகள் கிடந்த வயல்களுக்கு நடுவே ஓட்டினார்கள். இன்னொரு இலக்கம் வெட்டிய கல் வந்தது. "அவ்ளோதான், பிரான்ஸ்!" என்றாள் ஜிஸ்லேன். சுகிர்தம் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அடுத்த திருப்பத்தில் மர நிழலில் ஒரு சுங்க வண்டி நின்றது. இரண்டு சீருடைக்காரர்கள் கையைக் காட்டினார்கள்.

இளையவர் முதலில் சுகிர்தத்திடம் கடதாசி கேட்டார். அவள் கழுத்துப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் படத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மெர்சி, மதாம்." அவ்வளவுதான். எங்கேயிருந்து வருகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிறகு ஜிஸ்லேனிடம் திரும்பினார். ஜிஸ்லேன் கூடையைத் துழாவினாள், பைகளைத் தட்டினாள். அடையாள அட்டையை அறையில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நான் பிரெஞ்சுக்காரி, முசியூ. பாரிஸில் தபால் இலாகாவில் வேலை செய்கிறேன்" என்றாள் சுத்தமான பிரெஞ்சில்.

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார் மூத்தவர். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

சுகிர்தத்துக்கு எதுவும் விளங்கவில்லை. பிரெஞ்சுக்காரியைப் பிடித்து வைத்துக்கொண்டு தன்னை விட்டுவிட்டார்கள். ஒருவேளை ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்களோ? ஜிஸ்லேனின் முகம் சிவந்து, பிறகு வெளிறிப்போனது. சாவியை எடுத்து நீட்டினாள்.

"ரூம்ல, கட்டிலுக்குக் கீழ பெட்டி. அதுல பச்சைப் பர்ஸ். எடுத்துக்கினு வாடி."

"எப்பிடிப் போறது அக்கா?"

இளைய சீருடைக்காரர் கேட்காமலே வழி சொன்னார். சயகூஸுக்கா? லிவியாவுக்குள் நேராகப் போங்கள், அதுதான் கிட்ட.

"அது ஸ்பெயின், முசியூ" என்றாள் சுகிர்தம்.

"ஆமாம். அதற்கென்ன?"

அதற்கென்ன என்று விளக்க அவளிடம் பிரெஞ்சும் இல்லை, துணிவும் இல்லை. சுற்றுப்பாதை நீளமானது, தெரியவும் தெரியாது. ஜிஸ்லேன் வண்டியோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்படி அவளைச் சுகிர்தம் ஒருநாளும் பார்த்ததில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தாள். பிரான்ஸ் அரசாங்கத்து ஆளே ஸ்பெயினுக்குள் போகச் சொன்னால் அது போனதாகக் கணக்கா, இல்லையா? யாரிடம் கேட்பது?

சதுக்கத்தில் அந்த இரண்டு பேரும் இன்னும் இருந்தார்கள். கண்ணை நேரே வைத்துக்கொண்டு போனாள். ஒருவர் எழுந்து கையைத் தூக்கினார். அவ்வளவுதான் என்று பிரேக்கைப் பிடித்தாள். அவர் கிட்ட வந்து குனிந்து, அவளுடைய பாவாடை விளிம்பைக் காட்டினார். அது சங்கிலியில் மாட்டப் பார்த்தது. அவள் அதைச் சுருட்டிச் செருகிக்கொண்டாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுக் காப்பிக்குத் திரும்பிப் போனார்.

பச்சைப் பர்ஸை எடுத்துக்கொண்டு அதே வழியாக அவள் திரும்பி வந்தபோது ஜிஸ்லேன் புல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல்கள். மூத்தவர் அட்டையை வெகுநேரம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இனிமேல் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார்கள்.

"முப்பது வருஷமாச்சு நான் வந்து" என்றாள் ஜிஸ்லேன். "உன் கடுதாசிய ஒரு நிமிஷத்துல பாத்துட்டு வுட்டுட்டான். நான் சொன்னத நம்பல. ஏன்டி?"

"எனக்கும் விளங்கேல்லை அக்கா."

"நாந்தான் ஒனக்குத் தொணையா வந்தேன்னு நெனச்சேன்" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் மற்றத் தபால்காரர்களிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சுகிர்தமும் சொல்லவில்லை.

பாரிஸ் திரும்பியதும் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குணரத்தினம் மூன்று தரம் சொல்ல வைத்தான்.

"பிரான்சுக்குள்ளை ஸ்பெயினோ?"

"ஓம்."

"அதுக்குள்ளை நீர் எத்தினை தரம் போனனீர்?"

"எனக்குத் தெரியேல்லை. போறதும் வாறதுமாக் கிடந்துது."

இதை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவளை எச்சரித்துவிட்டு, அடுத்த நாளே அவன் வாமதேவனின் கடையில் போய்ச் சொன்னான். தன் மனைவி என்று சொல்லாமல், தெரிந்த ஒரு ஆள் என்று. வாமதேவன் நம்பவில்லை. மகளின் பள்ளிக்கூடத்து உலகப்படப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்து, பிரான்ஸ் முழுவதும் ஒரே நிறம் என்று விரலால் தடவிக் காட்டினார். "அப்பிடி ஒரு ஊர் இருக்கேலாது தம்பி. ஆரோ உங்களைப் பேய்க்காட்டினவங்கள்." குணரத்தினம் வீட்டுக்கு வந்து, அந்த ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று மனைவியிடம் திரும்பவும் கேட்டான்.

குளிர்காலத்தில் அகதி விண்ணப்பத்துக்கு நேர்காணல் வந்தது. அதிகாரி ஒரு அம்மா. மொழிபெயர்க்கப் புதுச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். ஊர், குடும்பம், ஏன் வந்தாய் எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் அதிகாரி கேட்டதை அவர் தமிழில் சொன்னார்.

"இங்க வந்ததுக்கு அப்புறம் பிரான்சை விட்டு வெளிய போனீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லும்படி குணரத்தினம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சுகிர்தம் வாயைத் திறந்தாள். பொய் சொல்ல அவளுக்குப் பயம். உண்மை எது என்றோ தெரியவில்லை.

"போனனான்" என்றாள். "ஆனா பிரான்சுக்கு உள்ளைதான் போனனான்."

மொழிபெயர்ப்பாளர் அவளையே பார்த்தார். "திரும்பச் சொல்லுங்க?"

"நாலு பக்கமும் பிரான்ஸ். நான் நடுவிலை போனனான். சைக்கிளிலை. பிறகு பிரான்ஸ்காரனே போகச் சொன்னவன்."

அவர் அதிகாரியிடம் பிரெஞ்சில் சுருக்கமாக ஏதோ சொன்னார். வெலோ என்ற சொல் மட்டும் சுகிர்தத்துக்குப் பிடிபட்டது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வரி எழுதினாள்.

படிக்கட்டில் அவரை மறித்துக் கேட்டாள். "ஐயா, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"அவ என்ன எழுதினவ?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

வசந்தத்தில் அகதி அந்தஸ்து கிடைத்தது, பிறகு பத்து வருஷ அட்டை வந்தது. அந்த ஒரு வரி அவளுக்கு உதவியதா, இடைஞ்சலாக இருந்ததா, அல்லது வேறெதைப் பற்றியதோ, சுகிர்தம் கடைசிவரை அறியவில்லை. அந்தக் கோடையில் ஆலீஸின் கை குணமாகிவிட்டிருந்தது. ஆனாலும் ஜிஸ்லேன் மேலே வந்து, மூன்று கட்டில் போட்ட அறையாகக் கேட்டிருக்கிறேன், எப்போது கிளம்பலாம் என்றாள்.